அண்ணியின் மலைப்பாதை

அண்ணி கல்யாணமாகி மைசூருக்கு வந்தபோது நான் பி.ஏ. முதல் வருடம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா ஹனூர் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். அவர் இறந்த பிறகு அம்மா ஊருக்கே திரும்பிவிட, பெயிண்டரான அண்ணனும் நானும் தேவராஜ மொஹல்லாவில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்கார அம்மா முன்கட்டில் இருந்தார். வீட்டில் தமிழ் பேசினாலும் நான் படித்தது முழுக்கக் கன்னடத்தில். தமிழ் எழுத்தைப் பிறகுதான் தனியாகக் கற்றுக்கொண்டேன்.

அண்ணிக்குச் சத்தியமங்கலம் பக்கம். கன்னடத்தில் ஒரு சொல் தெரியாது. பகலெல்லாம் நாங்கள் வெளியே போய்விடுவோம். அண்ணி தனியாக இருப்பாள். அடுப்படிக்கும் குளியலறைக்கும் நடுவே தகரக் கூரை போட்ட ஒரு நடை இருந்தது. அதன் சுவரில் ஒரு நாள் கரிக்கோடு ஒன்று வளைந்து வளைந்து மேலே ஏறியிருந்தது. வெந்நீர் அடுப்புக் கரி. மறுநாள் அந்தக் கோட்டின் மேல் ஒரு மூங்கில் லாரி. அடுத்து ஒரு பஸ். பஸ்ஸின் ஜன்னலில் தலையை வெளியே நீட்டி ஒரு பெண். சத்தியமங்கலத்திலிருந்து மைசூருக்கு ஏறிவரும் திம்பம் மலைப்பாதை என்று பார்த்ததும் தெரிந்தது.

அண்ணன் வேலையிலிருந்து வந்ததும் டப்பாக்களின் அடியில் ஒட்டியிருக்கும் எனாமல் பெயிண்டை வழித்துக் கொடுப்பான். கொடுத்துவிட்டு வம்புக்கும் இழுப்பான்.

"இத்தனை வளைவு போட்டா பஸ் எங்க புள்ள திரும்பும்?"

"டிரைவரைக் கேளுங்க. நானா ஓட்டறேன்?"

"ஏன் அண்ணி இதையே வரையறீங்க?" என்று நான் ஒரு நாள் கேட்டேன்.

"கல்யாணமாகி வந்த அன்னைக்கு மலை ஏறி முடியற வரைக்கும் ஒரே வாந்திங்க தம்பி. முந்தானைல மூஞ்சிய மூடிட்டே வந்தேன். எந்த வழியா வந்தேன்னு ஒண்ணும் பாக்கல. உங்கண்ணன்கிட்ட கேட்டா, மலை இருந்துச்சு, மரம் இருந்துச்சுங்கறாரு. அதுக்கா ஒரு ஆளு வேணும்?"

"பாக்காததை எப்படி வரைவீங்க?"

"வரைஞ்சு பாத்தா தெரியுதுங்க. இந்த வளைவுல லாரி எதுக்க வந்திருக்கும். அதான் அப்படி ஒரு குலுக்கு குலுக்குச்சு." வயிறு புரண்டதை வைத்து அண்ணி சாலையைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள்.

சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம் நான் சைக்கிளை நிறுத்துவதற்குள் ஓடிவந்தாள்.

"வீட்டுக்காரம்மா வந்தாங்க தம்பி. சுவத்தைப் பாத்துட்டு, கோடெல்லாம் ரொம்பக் கலையா இருக்குதுன்னாங்க!"

"தமிழ்லயா சொன்னாங்க?"

"கன்னடத்துலதான். எனக்கே புரிஞ்சுது பாருங்க! காப்பி குடுத்து அனுப்பிச்சேன்."

எனக்கும் சந்தோஷமாகிவிட்டது. அந்த அம்மா என்ன சொன்னார், எப்படிச் சொன்னார் என்று கேட்கவே தோன்றவில்லை. இந்த ஊரில் யாரோ சொன்ன ஒன்று அண்ணிக்குத் தானாகப் புரிந்துவிட்டது, அதுவும் பாராட்டு. அதற்கு மேல் என்ன வேண்டும்? ராத்திரி சாப்பிடும்போது, "கலைன்னா என்னான்னு உங்க காலேஜுல சொல்லித் தருவாங்களா?" என்றாள். அந்த வாரம்தான் வகுப்பில் அதைப் பற்றி நடத்தியிருந்தார்கள். அழகை உண்டாக்குவது, பார்ப்பவர் மனத்தில் இன்பத்தை எழுப்புவது என்று, கன்னடத்தில் எழுதி வைத்திருந்ததை அப்படியே தமிழாக்கி ஒப்பித்தேன். சோற்றில் கையை வைத்தபடி கவனமாகக் கேட்டாள்.

மறுநாளிலிருந்து சுவர் மாறத் தொடங்கியது. பள்ளத்தாக்கில் தாமரை பூத்தது. வளைவுக்கு வளைவு கிளி வந்து உட்கார்ந்தது. ஜன்னலில் வாந்தி எடுத்த பெண்ணை அண்ணி ஈரத்துணியால் துடைத்துவிட்டு அங்கே ஒரு திரைச்சீலை போட்டாள். "அது நல்லாவா இருக்கும், நாலு பேர் பாக்கற எடத்துல?" என்றாள். படம் நடையைத் தாண்டி முற்றத்துச் சுவரிலும் இறங்கியது. அப்போது எனக்குத் தாமரைதான் பிடித்திருந்தது. இப்போது யோசித்தால் அந்தப் பெண்ணின் கழுத்து வளைந்திருந்ததுதான் கண்ணில் நிற்கிறது. ஒரே கோட்டில் போட்டிருந்தாள்.

தசராவுக்குக் கொஞ்ச நாள் முன்பு, நான் வீட்டில் இருந்தபோது வீட்டுக்கார அம்மா மறுபடி வந்தார். முற்றத்தைப் பார்த்ததும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

"நோடப்பா, கோடெ தும்ப கலெ!"

அண்ணிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ஹௌது, ஹௌது" என்று கன்னடத்தில் ஆமாம் போட்டுத் தலையாட்டி, உட்காரச் சொல்லி முக்காலியை இழுத்துப் போட்டாள்.

"நகுத்தாளெ நோடு!" சிரிக்கிறாளே பார் என்று அந்த அம்மா என்னைப் பார்த்துக் கத்தினார். போன தடவையே சொன்னேன், கேட்காமல் இன்னும் அதிகமாக்கி வைத்திருக்கிறாள், தசராவுக்குச் சொந்தக்காரர்கள் வருவதற்குள் வெள்ளையடித்தாக வேண்டும் என்று கன்னடத்தில் பொரிந்தார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. கன்னடத்தில் கோடெ என்றால் கோடு அல்ல, சுவர். தும்ப என்றால் நிறைய. கலெ என்றால் நம்முடைய கலையும்தான், துணியில் படும் கறையும்தான். சுவர் முழுக்கக் கறை என்று அந்த அம்மா முதல் நாளே சொல்லியிருக்கிறார். அண்ணி அதைத் தமிழாகக் காதில் வாங்கியிருக்கிறாள். நானும் அவள் சொன்ன தமிழையே கேட்டுவிட்டேன்.

"என்னங்க தம்பி சொல்றாங்க? ஏன் கோவமா இருக்காங்க?"

வேறு வழியில்லை, சொன்னேன்.

"அப்ப அன்னைக்கும் இதேதான் சொன்னாங்களா?"

"இதேதான் அண்ணி."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முதலில் சிரித்தாள். "நான் வேற காப்பியக் குடுத்து..." என்றாள். பிறகு முக்காலியை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள். வீட்டுக்கார அம்மா போன பிறகுதான் கேட்டாள்:

"அப்ப நம்ம கலைக்கு இவங்க என்னன்னு சொல்லுவாங்க?"

"அதுக்கும் கலெதான்."

"ரெண்டுக்கும் ஒண்ணேவா? அப்பறம் எது எதுன்னு எப்படித் தெரியும்?"

சொல்லும் விதத்தில் தெரிந்துகொள்ள வேண்டியதுதான் என்றேன். அது இலக்கணத்துக்குச் சரியான பதில். அவள் கேட்டது இலக்கணம் இல்லை. நீங்கள் வரைந்தது கறை இல்லை அண்ணி, அந்த மலையை நீங்கள்தான் முதல் தடவையாகப் பார்த்தீர்கள், எங்களுக்கும் காட்டினீர்கள் என்று சொல்லத் தெரிய எனக்கு இன்னும் சில வருடங்கள் பிடித்தன. அப்படிச் சொல்லியிருந்தால் அந்த ஒரு சாயங்காலம்தான் அதற்குப் பிரயோசனம் இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சுண்ணாம்பு கரைத்தான். எனாமல் மேல் சுண்ணாம்பு பிடிக்காது. ஒரு கோட்டிங் அடித்துக் காய்ந்ததும் சாலை மறுபடி எட்டிப் பார்த்தது. இரண்டாவது அடித்தும் கிளிகள் தெரிந்தன.

"உன் ரோடு போக மாட்டேங்குதே புள்ள" என்று அண்ணன் சிரிப்பு மூட்டப் பார்த்தான்.

"கறைன்னா அப்படித்தானுங்க இருக்கும்" என்று சொல்லிவிட்டு சுண்ணாம்பு அடிக்கும் மட்டையை அவன் கையிலிருந்து வாங்கினாள். மூன்றாவது கோட்டிங்கை அவளே அடித்தாள், ஓரம் விடாமல்.

அதன் பிறகு அண்ணி கன்னடம் சீக்கிரம் கற்றுக்கொண்டாள். காய்கறிக்காரரோடு அவள் பேரம் பேசுவதைக் கேட்டால் பிறந்ததே இங்கே என்று தோன்றும். ஊருக்கு வெளியே அண்ணன் ஒரு சின்ன வீடு கட்டினான். எல்லாச் சுவருக்கும் அவனே வர்ணம் அடித்தான். கூடத்தின் பெரிய சுவருக்கு மட்டும் வெறும் வெள்ளை. அதில் ஆணி அடிக்க யாரையும் விடவில்லை. சாமி படம், காலண்டர், கல்யாண போட்டோ எல்லாம் எதிர்ச் சுவரில் நெருக்கிக்கொண்டு தொங்கின. வெள்ளைச் சுவரை ஒட்டிய ஜன்னல் திட்டில் புது பிரஷ்ஷும் சின்னச் சின்ன பெயிண்ட் டப்பாக்களும் இருந்தன. அண்ணன்தான் வாங்கி வைத்தது. அண்ணி வாரத்துக்கு ஒரு தடவை டப்பாக்களைத் தூசி தட்டி வைப்பாள், அவ்வளவுதான்.

போன மாதம் ஸ்டீல் பீரோ வாங்கினார்கள். வேன்காரர்கள் எங்கே வைப்பது என்று கேட்டபோது அண்ணன் உள்ளறையைக் காட்டினான். அண்ணி கூடத்து வெள்ளைச் சுவரைக் காட்டினாள். வைத்த பிறகு இரண்டடி பின்னால் வந்து நின்று பார்த்தாள்.

"எடம் சும்மாதானுங்களே கெடந்துச்சு" என்றாள்.

அண்ணன் டப்பாக்களைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டான்.