வெள்ளைத் தொப்பியும் எதிர்வீட்டு சூப்பும்

குளிர்காலம் முடிகிற நேரத்தில் ராஸ் அல் கைமா மலையில் பனி கொட்டியதாம். அங்கிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், முவைலாவில் மகன் வீட்டில் இருக்கும் எனக்கு, செய்தியைக் கேட்டதுமே குளிர ஆரம்பித்துவிட்டது.

ரிட்டையர் ஆனவனுக்கு வேறென்ன வேலை? வெள்ளைக் கம்பளி நூல் வாங்கிவந்து தொப்பி பின்ன உட்கார்ந்தேன். நான்கு முறை பிரித்து, ஒரு வாரத்தில் முடித்தேன்.

இன்று காலை அதைப் போட்டுக்கொண்டு பெருமையாகப் பால் வாங்கப் போனேன்.

கடைக்காரர் கீழக்கரை பாய். பார்த்ததும் பதறிவிட்டார்.

"என்ன சார், தலையில அடியா? இவ்ளோ பெரிய கட்டு!"

"தொப்பி, பாய். நானே பின்னினது."

"மாஷா அல்லாஹ், நல்லாருக்கு சார்" என்றவர், சட்டென்று ஃப்ரிட்ஜுக்குள் குனிந்து வெகுநேரம் பால் தேடினார். தோள் மட்டும் குலுங்கியது.

திரும்பும்போது லிஃப்டில் எதிர்வீட்டுப் பெண். என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, "ஐயோ அங்கிள்! டாக்டர் என்ன சொன்னார்?" என்றாள்.

இன்னொரு முறை விளக்க எனக்குத் தெம்பில்லை.

"ரெஸ்ட் எடுக்கச் சொன்னார்மா" என்றேன்.

இப்போதுதான் அவள் வீட்டிலிருந்து ஆட்டுக்கால் சூப் வந்து சேர்ந்தது. நாளைக்கும் தருவாளாம்.

இனி தொப்பியை எப்போது கழற்றுவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.