ஓசிப் பை

என் நாத்தனாருக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. கையை வைத்துக்கொண்டும் சும்மா இருக்கத் தெரியாது. இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிட்டால் அந்தக் குடும்பம் என்ன பாடுபடும் என்பதை என்னைக் கேளுங்கள்.

ஊருக்கு அவள் ஜிப் அக்கா. வணிகர் சங்கக் கட்டடத்தில் மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கிற சந்தில், ஒரு தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு பை, குடை, ஜிப் எல்லாம் ரிப்பேர் செய்து பிழைத்தாள். எதிர்ச்சாரியில் என் ஜெராக்ஸ் கடை. அவள் என் கணவரின் தங்கை. நாத்தனார் கண்ணெதிரே கடை போட்டிருக்கிறாள் என்று தெரிந்ததும் என் அம்மா, "தொலைஞ்சே போ" என்றாள். தொலைந்துதான் போனேன், ஆனால் அம்மா நினைத்த மாதிரி இல்லை.

ஒவ்வொரு வருடமும் பள்ளி திறப்பதற்கு முன்னால், குவாரி ஓரத்தில் இருக்கிற ஏழைப் பள்ளிக்கூடத்துக்காகச் சங்கத்தில் பொருள் திரட்டுவார்கள். அதற்கான பெட்டி என் கடை வாசலில்தான் இருக்கும். மகராசர்கள் கொண்டுவந்து போடுவதைப் பார்க்க வேண்டுமே! எழுதாத பேனா, முள் இல்லாத காம்பஸ், பாதி கிறுக்கிய நோட்டு. ஒரு புண்ணியவான் ஒற்றை ஷூவைப் போட்டிருந்தார். ஜிப் அக்கா பெட்டியைக் கவிழ்த்துப் பொறுக்குவாள். உதவாததை எடுத்துக்கொண்டு போட்டவர் வீட்டுக்கே போவாள். "குப்பை வண்டி நாளைக்குக் காலைல வரும், அதுல போடுங்க" என்று கையில் திணித்துவிட்டு வருவாள். எனக்குத்தான் மானம் போகும். அவர்களில் பாதிப் பேர் என் வாடிக்கையாளர்கள்.

பழைய பைகள் மட்டும் அவள் கை படாமல் நகராது. தைத்து முடித்ததும், படிக்கட்டின் அடியில் அடித்திருக்கிற கொக்கியில் பையை மாட்டி, உள்ளே ஒரு பழைய இரும்பு இஸ்திரிப் பெட்டியை வைத்து ஆட்டு ஆட்டென்று ஆட்டுவாள். பட்டை தாங்கினால்தான் அந்தப் பை பள்ளிக்கூடம் போகும்.

இந்த வருடம் சங்கத்துக்குப் புதுத் தலைவர் வந்தார். மெத்தைக் கடை முதலாளி. "பழசெல்லாம் எதுக்கு? என் செலவுல எல்லாமே புதுசு!" என்று அறிவித்தார். லாரியில் பைகள் வந்து இறங்கின. பிரித்துப் பார்த்தால், பையின் வெளிப்பக்கம் பூரா தலைவரின் முகம். பல் முப்பத்திரண்டும் தெரிகிற சிரிப்பு. கீழே கொட்டை எழுத்தில், 'ஏழைக் குழந்தைகளுக்கு அன்பளிப்பு'.

"மெத்தைல படுக்கிறவன் பயந்துடுவான்னு அதுல போடலபோல. புள்ளைங்க பயந்தா பரவாயில்லையாமா?" என்றாள் ஜிப் அக்கா.

அன்று மத்தியானம் அந்தப் பள்ளியின் ஹெட்மிஸ்ட்ரஸ் டீச்சர் ஜெராக்ஸ் எடுக்க வந்தார். பையைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப்போயிற்று. அவர் பள்ளியில் ஐந்தாம் வகுப்புவரைதான் உண்டு. அதற்கு மேல் டவுனில் இருக்கிற பெரிய பள்ளிக்கு வர வேண்டும். போன வருடம் அங்கே சேர்ந்த பிள்ளைகள் ஏதோ கம்பெனி பெயர் போட்ட இலவசப் பையோடு வந்தார்கள். 'ஏய் ஓசிப் பை, இங்க வா, ஓசிப் பை, அங்க போ' என்று கூடப் படிக்கிறவர்கள் வருடம் பூரா அதையே அவர்களுக்குப் பெயராக்கிவிட்டார்கள். கேலி தாங்காமல் சிலர் பாதியிலேயே நின்றுவிட்டார்கள்.

"இந்த வருஷம் ஒரே ஒரு பொண்ணுதான் மேல படிக்கப் போகுது, படிப்புல கெட்டிக்காரி" என்றார் டீச்சர். "இந்த மாதிரி பைன்னா போகவே மாட்டேங்குது. பிளாஸ்டிக் கவர்ல புஸ்தகத்தைத் தூக்கிட்டுப் போன்னு சொல்லவும் எனக்கு மனசு வரல. போகலேன்னா கல்லு உடைக்க வான்னு அவங்க அப்பா சொல்லிட்டாரு. குவாரில ஆள் எடுக்கறாங்களாம்."

ஜிப் அக்கா ஒரு புதுப் பையைத் தூக்கிக் கொக்கியில் மாட்டினாள். இஸ்திரிப் பெட்டியை உள்ளே வைத்தாள். ஆட்டக்கூட இல்லை, பட்டை இரண்டும் பிய்ந்து பை தொப்பென்று விழுந்தது. அடுத்ததும் அப்படியே, அதற்கு அடுத்ததும் அப்படியே.

விஷயம் தலைவர் காதுக்குப் போய், அவரே வந்துவிட்டார். விழாவில் பட்டை அறுந்தால் அவருக்குத்தானே அசிங்கம்!

"எல்லாப் பட்டையையும் பிரிச்சு நல்லாத் தைச்சுக் கொடும்மா. ஆனா ஒண்ணு. படத்துல ஒரு ஊசி படக் கூடாது. பட்டுச்சு, இந்த இடத்தைக் காலி பண்ணிட்டுக் கெளம்பிடு."

"சரிங்க தலைவரே" என்றாள் என் நாத்தனார். அவள் வாயிலிருந்து 'சரிங்க' வந்து நான் கேட்டதே இல்லை.

மெஷின் விடாமல் ஓடியது. இரண்டாம் நாள் டீ கொண்டுபோய்க் கொடுக்கும்போது பார்த்தேன், பகீரென்றது. முதுகுப் பக்கம் இருந்த பட்டைகளை எல்லாம் பிரித்து, முகம் இருக்கிற பக்கத்தில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். மேல் ஓரத்திலும் கீழ் மூலைகளிலும் தையல். படத்தில் ஒரு பொட்டுகூடப் படவில்லை.

"அடிப்பாவி! பக்கம் மாத்தித் தைக்கிறியே!"

"கரெக்டாத்தான் தைக்கிறேன் அண்ணி. மூஞ்சி உள்பக்கம் போயிடும். வெளிய வெறும் துணிதான்."

"உனக்கென்ன கிறுக்கா? இந்த இடமும் போயிடுச்சுன்னா எங்க போவே? உங்க அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அவள் மெஷினை நிறுத்தினாள். "மூஞ்சி அவரோடது, அவரே வெச்சுக்கட்டும். முதுகு அந்தப் புள்ளையோடது. அதுல எழுத இவரு யாரு?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள்மேல் வந்த கோபம்தான். ஆனால் எப்படியோ அது பாதி வழியில் திரும்பி அந்த முப்பத்திரண்டு பல்மேல் போய் விழுந்தது. வெளிப்பக்கத்தில் பழைய தையல் ஓட்டைகள் தெரிந்தன. அவற்றை மறைக்க, ரிப்பேருக்கு உதவாத குடைகளின் துணியை வெட்டி ஒட்டுப் போட வேண்டும் என்றாள். கத்திரிக்கோலை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். "கோணலா வெட்டுவே, நீ தைக்கிற வேலையைப் பாரு" என்றேன். கோடு போட்டது, பூப்போட்டது, கட்டம் போட்டது என்று ஒவ்வொரு பைக்கும் ஒவ்வொரு விதமாய் வெட்டிக் கொடுத்தேன். எல்லாப் பையும் இஸ்திரிப் பெட்டியைத் தாங்கியது.

விழா அன்று பட்டைகளை அடியில் மடித்துவிட்டு, பைகளை வெளிப்பக்கம் கீழே இருக்கும்படி மேசையில் அடுக்கினோம். முகம் மேலே பார்த்துச் சிரித்தது. தலைவருக்கு ஒரே பெருமை. முதலில் அந்தப் பெண்ணைத்தான் மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஒல்லியாக, தரையைப் பார்த்துக்கொண்டே ஏறினாள். தலைவர் பையைத் தூக்கி, பட்டை எந்தப் பக்கம் என்று கவனிக்காமலே அவள் தோளில் மாட்டிவிட்டு, அவளைக் கேமரா பக்கம் முதுகு காட்டித் திருப்பினார்.

"சார், உங்க முகத்தைக் காணோம்" என்றான் போட்டோக்காரன்.

முகம் எங்கே? பிள்ளையின் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வெளியே நீலத்துணியும் பூப்போட்ட ஒட்டும்தான். அவள் கழுத்தைத் திருப்பித் திருப்பி அதைப் பார்த்தாள். முதல்முறையாகத் தலை நிமிர்ந்தாள்.

"கழட்டு" என்றார் தலைவர்.

"மாட்டேன்."

"கழட்டும்மா, தப்பாத் தைச்சுட்டாங்க."

"தப்பா இல்ல. இது என் பை" என்று பட்டை இரண்டையும் இறுகப் பிடித்துக்கொண்டாள். தலைவர் பட்டையைப் பிடித்து இழுத்தார். இஸ்திரிப் பெட்டி தாங்கிய பட்டை, மெத்தைக் கடைக்காரருக்கா அசையும்? கூட்டம் சிரித்துவிட்டது.

கடைசி வரிசையில் என் நாத்தனார் எழுந்து நின்றாள். "தலைவரே, படத்துல ஒரு ஊசி பட்டிருக்கான்னு பாருங்க! வெயில் படாம, மழை படாம பத்திரமா இருக்கீங்க!"

நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். வெட்கத்தால் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள். உள்ளே நான் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தேன். பையைத் திரும்ப வாங்கத் தலைவருக்கு முகமில்லை. மற்ற பிள்ளைகளும் ஓடிவந்து ஆளுக்கொன்றாய் மாட்டிக்கொண்டு போனார்கள்.

மறுநாளே சந்துக்குப் பூட்டு விழுந்தது. "மன்னிப்புக் கேட்டாத் திறந்து விடறாராம்" என்று சங்கத்து ஆள் வந்து சொன்னான். "நான் எதுக்குக் கேக்கணும்? அவரை வந்து அந்தப் புள்ளைங்ககிட்ட கேக்கச் சொல்லு" என்று அனுப்பிவிட்டாள். மெஷின் இப்போது என் ஜெராக்ஸ் கடைக்குள் நிற்கிறது. எனக்குத் திரும்ப இடமில்லை. கொக்கியை என் சுவரில் அடித்துச் சுவரையும் பாழாக்கிவிட்டாள். நாள் முழுக்கச் சண்டைதான்.

பள்ளி திறந்த அன்று காலை, பெரிய பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் கூட்டமாய்க் கடையைத் தாண்டிப் போனார்கள். நடுவில் அந்தப் பெண், இரண்டு தோழிகளோடு வாய் ஓயாமல் பேசிக்கொண்டு போனாள். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

எனக்கு வந்ததே கோபம்! "பாத்தியா? இவளுக்காக இடத்தை விட்டே. ஒரு சிரிப்பு சிரிச்சுட்டுப் போறாளா பாரு!"

ஜிப் அக்கா வாசலுக்கு வந்து, தெருமுனைவரை போகிற முதுகுகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நீலம், சிவப்பு, கறுப்பு என்று எல்லாம் பைகள்தான்.

"அதுல எது அவளோடது, சொல்லுங்க அண்ணி" என்றாள்.

பார்த்தேன். நானே துணி வெட்டிக் கொடுத்த பை. எனக்குத் தெரியவில்லை.