அறுபத்தைந்து அங்குலத்துக்கு ஒரு பொட்டு

டத்தோ கிராமாட்டில் எங்கள் அடுக்குமாடியின் லிஃப்டுக்குள் அந்தப் பெட்டி நுழையவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள், குறுக்காகத் திருப்பிப் பார்த்தார்கள். கடைசியில் கடை ஆட்கள் இருவரும் அதைத் தூக்கிக்கொண்டு ஏழு மாடி ஏறினார்கள். ஒவ்வொரு மாடியிலும் யாராவது கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். பின்னால் படியேறிய எனக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும், ஏழு மாடியும் பார்க்கட்டும் என்றுதான் இருந்தது.

"இது டிவியா, கதவா?" என்றார் அப்பா. "இத உள்ள வெச்சிட்டா நாம வெளிய உக்காந்துதான் பாக்கணும்லா."

அறுபத்தைந்து அங்குலம். எங்கள் கூடத்தின் ஒரு சுவர் முழுக்க அதுதான். சோஃபாவைப் பின்னுக்குத் தள்ளியதில் அடுப்படிக்குள் பக்கவாட்டில்தான் நுழைய முடிந்தது. அம்மா கைகளைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து, தூரத்தில் நின்றே பார்த்தார்.

அம்மாவுக்காகத்தான் அதை வாங்கினேன். அவர் பிறந்தபோது யாரும் பிறப்புப் பத்திரம் எடுக்கவில்லை. அதனால் பள்ளியில் சேர்க்கவில்லை. அப்பா நான்கு வருஷம் போனார். எங்கள் வீட்டில் பள்ளியை முடித்து, கல்லூரிக்கும் போன முதல் ஆள் நான். பத்து காவான் என்னும் ஊரில் ஒரு தொழிற்சாலையில், செய்து முடித்த கருவிகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது.

பழைய டிவியில் எல்லாமே எழுத்து. தமிழ் அலைவரிசைக்கு எத்தனை முறை அழுத்த வேண்டும் என்று அம்மா மனத்தில் எண்ணி வைத்திருந்தார். நான் கல்லூரி விடுதியில் இருந்தபோது ஒருமுறை அந்த வரிசை மாறிப்போனது. அப்பாவுக்கு இரவில் காவல் காக்கும் ஜாகா வேலை, பகலெல்லாம் தூக்கம். விடுமுறைக்கு வந்து பார்த்தால், அம்மா தட்டில் சோற்றோடு உட்கார்ந்து சீனச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். "நல்லாத்தான் சொல்றான்" என்றார்.

அந்தத் தட்டை நான் மறக்கவில்லை. புது டிவியில் படங்கள் வரிசையாக நிற்கும். எழுத்து தெரியாவிட்டாலும் படத்தைப் பார்த்து எடுக்கலாம். யாரையும் கேட்காமல் அம்மா தானே போட்டுப் பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

முதல் வாரம் பாடம் நடந்தது. அம்மா டோபிக் கடையில் துணி தேய்ப்பவர். விரல் நுனிகள் சூட்டில் காய்த்துப் போனவை. ரிமோட்டின் சின்னப் பொத்தான் அந்த விரலுக்குத் தட்டுப்படவே இல்லை. அதனால் உடம்பின் பாரத்தையே அதில் இறக்கினார்.

"மெதுவாம்மா. தொட்டாப் போதும்."

"தொட்டாலே வேல நடக்குமா? என்னா சொகுசு!"

நான்காம் நாளே பிடித்துக்கொண்டார். பனிமலையில் லாரி ஓட்டும் யாரோ ஒருவர், தன் பயணத்தைத் தானே படம் பிடித்துப் போடுகிறார். அம்மாவுக்கு அவரைப் பிடித்துவிட்டது. நான் வேலையிலிருந்து திரும்பியபோது அம்மா தனியாக உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாவம், குளுருல சோத்துக்கு என்னா பண்ணுவான்?" என்றார். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

வெள்ளிக்கிழமை சாமி கும்பிட்டோம். புதுச் சாமான் எதுவானாலும் எங்கள் வீட்டில் பொட்டு வைக்காமல் விடமாட்டோம். அரிசிச் சட்டிக்கும் வைத்தோம், அப்பாவின் மோட்டார் சைக்கிளுக்கும் வைத்தோம். அம்மா சந்தனத்தைக் குழைத்துக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். "நீயே வெய்யி. ஒன் ஒழைப்பு." திரைக்கு அடியில், நட்ட நடுவில், மூக்கு மாதிரி சிறிதாக ஒரு புடைப்பு இருந்தது. பொட்டு வைப்பதற்கென்றே செய்தது போல. கட்டைவிரலால் சந்தனத்தை அழுத்தி, மேலே குங்குமம் வைத்தேன்.

மறுநாள் காலை எழுந்து வந்தபோது அம்மா டிவியின் முன்னால் நின்று ரிமோட்டை அழுத்திக்கொண்டிருந்தார். திரை இருட்டாகவே இருந்தது. நான் வாங்கி அழுத்தினேன். பேட்டரி மாற்றினேன். டிவிக்குப் பின்னால் இருந்த பொத்தானைத் தேடி அழுத்தியபோது திரை எரிந்தது. ரிமோட்டுக்குத்தான் அசையவில்லை.

"ரிமோட் ரோசாக். கெட்டுப்போச்சு" என்றேன். பிறகு, நிறுத்தியிருக்க வேண்டிய இடத்தில் நிறுத்தவில்லை. "இஸ்திரிப் பொட்டி மாதிரி அமுக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? இனிமே நீங்க தொடாதீங்க. நான் வந்து போட்டுக் குடுக்குறேன்."

அம்மா தன் விரல்களை ஒருமுறை பார்த்தார். பிறகு ரிமோட்டை அது வந்த பிளாஸ்டிக் உறையிலேயே போட்டு, சாமி மேடைக்குக் கீழே இருந்த அலமாரியில் வைத்தார்.

என் கைபேசியிலிருந்து டிவியைப் போட முடிந்தது. அந்த வாரம் முழுக்க, நான் பத்து காவானிலிருந்து வந்த பிறகுதான் வீட்டில் டிவி ஓடியது. "லாரிக்காரரப் போடவா?" என்று கேட்டால், "ஒனக்கு எது இஷ்டமோ போடும்மா" என்பார். பாதியில் எழுந்துபோய் வெங்காயம் உரிப்பார். காலையில் மட்டும் ஈரத் துணியால் திரையைத் துடைப்பார். பொட்டு கலைந்துவிடாமல் அதைச் சுற்றிச் சுற்றித் துடைத்ததை நானே பார்த்தேன்.

அடுத்த சனிக்கிழமை பழுது பார்க்க ஓர் அண்ணன் கெப்பாலா பத்தாசிலிருந்து வந்தார். தலை நரைத்தவர், நிதானமானவர். உட்காருவதற்கு முன்பே அவரிடம், "ரிமோட்தாண்ணே போயிருக்கு. நான் செக் பண்ணிட்டேன். எனக்கு ஃபேக்டரில இதே வேலதான்" என்றேன். அவர் தலையாட்டினார். ரிமோட்டைத் தன் கைபேசியின் கேமராவுக்கு நேராகப் பிடித்து அழுத்தினார். கேமராவில் ஒரு புள்ளி மினுமினுத்தது.

"ரிமோட் நல்லாத்தான்மா இருக்கு."

பிறகு குனிந்து திரையின் அடியைப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"இதுதான் டிவியோட கண்ணு. ரிமோட் சொல்றத இதுதான் பாக்கும். சந்தனத்த அப்பி மூடிட்டீங்களே! ஆயுத பூஜ முடிஞ்சா எனக்கு ரெண்டு மூணு வீடு இப்படி வரும்லா. யாரு வெச்சது?"

என் காது சூடாகிவிட்டது. நான் வாயைத் திறக்கும் முன்பே அம்மாவின் குரல் கேட்டது.

"நாந்தான் தம்பி. படிக்காதவ. எங்க வெக்கணும்னு தெரியல."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். அந்த ஒரு வாரம் அவர் மேல் நான் சுமத்தியது போதாதென்று, இதையும் தானே எடுத்து வைத்துக்கொண்டார். அப்பா தரையைப் பார்த்தார். பொட்டு வைத்தது யார் என்று அவருக்கும் தெரியும்.

"இல்லண்ணே" என்றேன். "நான்தான் வெச்சேன். பழிய அம்மா மேல போட்டதும் நான்தான்."

அப்பா ஆரம்பித்தார். "இவ கையெழுத்துப் போட்ட சாமானெல்லாம் எந்தெந்த நாட்டுல கண்ணு தெரியாம கெடக்குதோ!" பழுது பார்க்க வந்தவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அம்மா மட்டும் அப்பாவை முறைத்தார். "சும்மா இருங்க. புள்ள மொகத்தப் பாருங்க."

சாமி பொட்டைத் தான் துடைக்க மாட்டேன் என்று அந்த அண்ணன் ஒதுங்கிக்கொண்டார். அம்மா ஈரத் துணியைக் கொண்டுவந்து துடைத்தார். ரிமோட்டை அவரிடம் நீட்டினேன். வாங்காமல் என்னைப் பார்த்தார்.

"அமுக்குங்கம்மா. எவ்ளோ வேணும்னாலும் அமுக்குங்க."

அழுத்தினார். வழக்கமான அழுத்தம்தான். திரை எரிந்தது.

அந்த அண்ணன் போனதும் அம்மா அருகில் உட்கார்ந்தேன். "ஏம்மா அப்படிச் சொன்னீங்க?"

"வந்தவரு முன்னால மொத வார்த்தையே எனக்கு இதே வேலதான்னு சொன்ன. அப்பறம் ஒன்ன எப்படித் தல குனிய விடுறது?"

திங்கட்கிழமை கடையிலிருந்து வரும்போது நூல் கொண்டுவந்தார். டோபிக் கடையில் எந்த மூட்டை யாருடையது என்பதை அம்மா நூலின் நிறத்தில்தான் வைத்திருப்பார். சிவப்பு வக்கீலுக்கு, பச்சை கிளினிக் டாக்டருக்கு. இத்தனை வருஷத்தில் ஒரு சட்டைகூட ஆள் மாறிப் போனதில்லை. ரிமோட்டில் டிவியைப் போடும் பொத்தானுக்குக் கீழே சிவப்பு நூலையும், படங்கள் வரும் பொத்தானுக்குக் கீழே பச்சை நூலையும் இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டார். இனி கண்ணை மூடிக்கொண்டுகூட அவர் விரலுக்கு வழி தெரியும். எனக்குத் தோன்றாத யோசனை அது. சொல்லிக் கொடுக்கிறேன் என்று உட்கார்ந்த நான், அவர் கை எதை வைத்து வேலை செய்கிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை.

புதுப் பொட்டு இப்போது டிவி சட்டத்தின் மேல் மூலையில் இருக்கிறது. அதை அம்மாதான் வைத்தார்.

இப்போதெல்லாம் வேலை முடிந்து வந்தால், லிஃப்டை விட்டு வெளியே வரும்போதே லாரியின் ஹாரன் கேட்கிறது. நேற்று பையைக்கூட இறக்கி வைக்காமல் கூடத்தின் நடுவில் நின்று, அம்மா பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"கொஞ்சம் தள்ளி நில்லும்மா," என்றார். "மறைக்குது."