நான் சொல்லாமல் விட்ட நாலாவது வழி

ஆறாவது கீமோ முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, இரத்தத்தில் நோயைக் காட்டும் பிஎஸ்ஏ எண் மறுபடியும் ஏறத் தொடங்கிவிட்டது. புரஸ்டேட்டில் தொடங்கிய புற்றுநோய் ஏற்கெனவே என் முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் போயிருந்தது. அந்த எண் ஏறினால் என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

டொக்டர் சிங்களவர். என்னுடன் ஆங்கிலத்தில்தான் கதைப்பார். பக்கத்து நாற்காலியில் என் மனைவி. கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்து முப்பது வருடத்தில் சிங்களம் அவளுக்குச் சரளமாகிவிட்டது, ஆங்கிலம் மட்டும் ஒட்டவில்லை. அதனால் டொக்டர் சொல்வதை நான்தான் அவளுக்குத் தமிழில் சொல்வேன்.

அன்று அவர் விரல்களை மடக்கி மடக்கிச் சொன்னார். வேறொரு கீமோ மருந்து. தினமும் விழுங்கும் ஹோர்மோன் மாத்திரை. இந்தியாவுக்குப் போய் ஏற்றிக்கொள்ளும் கதிரியக்க மருந்து. நாலாவதாக, நோயைத் துரத்துவதை விட்டுவிட்டு வலியை மட்டும் பார்த்துக்கொள்வது. அதுவும் மரியாதையான தெரிவுதான், இரண்டு கிழமை யோசித்துவிட்டு வாருங்கள் என்றார்.

மனைவிக்கு முதல் மூன்றை மட்டும் சொன்னேன்.

அந்த இரண்டு கிழமையும் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. பேப்பரை விரிப்பேன், ஒரு பந்தி வாசிப்பதற்குள் எழும்பி பல்கனிக்குப் போவேன். தண்ணீர் குடிக்கவென்று குசினிக்குள் நுழைந்து, குடிக்காமல் திரும்புவேன். காலி வீதியைத் தாண்டி மார்க்கெட் வரை போய், ஒன்றும் வாங்காமல் வருவேன். இடுப்பு வலித்தது. ஓரிடத்தில் இருந்தால் அதைவிட மோசமாக மனம் வலித்தது.

டொரொன்டோவில் இருக்கும் மகள் தினமும் போன் எடுத்தாள். "அப்பா, இந்தியாவுக்குப் போவம். நான் லீவு போட்டிட்டு வாறன். நீங்கள் ஓம் எண்டு மட்டும் சொல்லுங்கோ." நான் ஓம் என்றேன். வைத்ததும், ஏன் சொன்னேன் என்று என்னையே திட்டினேன்.

ஒரு நாள் வீட்டில் சொல்லாமல் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். கீமோ ஏற்றும்போது பக்கத்துக் கட்டிலில் இருந்த மனிதர் அங்கேதான் இருக்கிறார். மலைநாட்டிலிருந்து சின்ன வயதில் வந்து தையற்கடை வைத்தவர். எனக்கு இருக்கும் அதே நோய். எனக்கு டொக்டர் சொன்ன அந்த வேறு கீமோ மருந்தை அவர் தொடங்கியிருந்தார். என்னை வரவேற்க எழுந்து நடந்து வந்தவரின் ஒரு கால் செருப்பு நடுவழியில் கழன்று கிடந்தது. அவருக்கு அது தெரியவில்லை.

"பாதம் மரத்துப் போச்சுங்க," என்றார். "ஆனா எனக்குச் சும்மா இருக்க ஏலாது. ஏதாச்சும் ஏறிக்கிட்டு இருந்தாத்தான் மனசு நிக்குது. நீங்க அப்படியான ஆளா?"

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை.

"நாலாவதைப் பற்றி என்ன யோசிச்சனீங்கள்?" என்றாள்.

"எது நாலாவது?"

"டொக்டர் நாலு விரல் மடக்கினவர். நீங்கள் மூண்டுதான் சொன்னனீங்கள். குடையை விட்டிட்டன் எண்டு திரும்பிப் போனனானெல்லே, குடை என்ர பையுக்கைதான் இருந்தது. நேர்ஸிட்டைச் சிங்களத்தில கேட்டனான்."

நான் கதிரையில் உட்கார்ந்தேன். பத்து நாள் அவள் அதை மனதில் வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

"நீர் பயப்பிடுவீர் எண்டுதான்..."

"பயம்தான். இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா நீங்கள் தனியப் பயந்துகொண்டு வீட்டுக்குள்ள நடக்கிறதை என்னால பாக்க ஏலாது."

"அப்ப நீர் என்ன சொல்லுறீர்?"

அவள் கையிலிருந்த சாரத்தை மடித்து அடுக்கில் வைத்தாள். "உங்கட உடம்பு. நான் முடிவு சொல்ல மாட்டன். ஆனா கீமோ ஏத்தின அந்த அஞ்சு மாசமும் தெம்பில்லாமல் கிடந்து நீங்கள் என்னோட ஒருக்காக்கூடச் சண்டை பிடிக்கேல்லை. அப்பிடி ஒரு ஆளோட இருந்து எனக்குப் பழக்கமில்லை."

சிரிப்பு வந்தது. பிறகு இருவரும் கொஞ்சம் அழுதோம்.

அடுத்த கிளினிக்கில் அவள்தான் முதலில் கதைத்தாள், சிங்களத்தில். மாத்திரை எடுத்தால் இவர் தானாக நடப்பாரா, சாப்பாடு இறங்குமா, அது பலிக்காவிட்டால் பிறகு என்ன. டொக்டர் என்னை விட்டு அவள் பக்கம் திரும்பி, நிதானமாகப் பதில் சொன்னார். மாத்திரை நோயைச் சில மாதங்கள் பிடித்து வைக்கலாம், வைக்காமலும் போகலாம். மற்ற வழிகள் எதுவும் மூடப்படாது. நாலாவதும்தான். இடுப்பு வலிக்கு ஒரே ஒரு முறை கதிர்ச்சிகிச்சை கொடுத்துப் பார்க்கலாம்.

மாத்திரையும் கதிரும் போதும் என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

மகள் மூன்று நாள் கதைக்கவில்லை. நாலாம் நாள் எடுத்து, மாத்திரையை எத்தனை மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று கேட்டாள். அன்றிலிருந்து தினமும் அந்த நேரத்துக்கு அவளுடைய மெசேஜ் வருகிறது.

கதிர் கொடுத்து மூன்று கிழமையில் இடுப்பு வலி குறைந்தது. மூன்றாம் மாதம் எண் பாதியாக இறங்கியது. பிறகு அங்கேயே நிற்கிறது. எவ்வளவு காலத்துக்கு என்று டொக்டரும் சொல்வதில்லை, நாங்களும் கேட்பதில்லை. பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்த நாளிலிருந்து ரிப்போர்ட் வரும்வரை இன்னமும் வீட்டுக்குள் என்னால் இருக்க முடியாது. கடற்கரைப் பக்கம் நடக்கிறேன். மனைவியும் செருப்பைப் போட்டுக்கொண்டு கூடவே வந்துவிடுகிறாள்.