நெதர்லாந்துக்கு அனுப்பாத வட்டு

ஒரு பெண்ணிடம் நான் பொய் சொன்னேன். அவள் கேட்ட சாமானை நெதர்லாந்துக்கு அனுப்பச் சட்டம் இடம் தராது என்றேன். சட்டம் தாராளமாக இடம் தந்தது. இடம் தராதவன் நான்தான். பிறகு அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதற்காக, நான் வேலை பார்த்த கடைக்கே ஒரு புது விதியை எழுதி வைத்தேன். அந்த விதி இரண்டு வருடம் உயிரோடு இருந்தது.

அது துவக்குக் கடை, துப்பாக்கி விற்கிற இடம். ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு டிராம் மாறிப் போகவேண்டிய பக்கத்து ஊரில் இருந்தது. வேட்டைக்காரர்களும், கழகம் வைத்துக் குறிபார்த்துச் சுடுகிறவர்களும் வருவார்கள். யாழ்ப்பாணத்தில் நான் பௌதிகத்தில் பட்டம் எடுத்தவன். இந்த நாட்டில் அந்தப் பட்டத்தை யாரும் கேட்கவில்லை. வேலை அலுவலகம் அனுப்பிய இடத்துக்குப் போனேன். துவக்குகள் மேல்மாடியில் இரும்புப் பெட்டியில் பூட்டிக் கிடக்கும். சாவி முதலாளியம்மாவிடம். நான் கீழே தபால் விற்பனைப் பகுதியில். தோல் வார், துப்புரவுத் தூரிகை, காதடைப்பான், குறிபார்க்கும் கண்ணாடி என்று துணைச்சாமான்களைப் பொதி கட்டி, முகவரி ஒட்டி அனுப்புவேன். தொலைபேசியும் எடுப்பேன். பத்தொன்பது வருடத்தில் ஒரு துவக்கைக்கூடத் தொட்டதில்லை.

ஆனால் இதை எங்கள் ஆட்களிடம் எப்படிச் சொல்வது? அகதி விண்ணப்ப விசாரணையில் எங்கள் எல்லோரிடமும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி, ஆயுதம் தொட்டதுண்டா என்பது. இல்லை என்றேன். உண்மைதான். அப்படிச் சொன்னவன் போய் துவக்குக் கடையில் சம்பளம் வாங்குகிறான் என்றால் சனம் என்ன கதைக்கும்? கதைக்கிற சனத்தின் வாயிலிருந்து யார் காதுக்குப் போகும்? என் கோப்பு எங்கோ ஓர் அலமாரியில் இன்னும் திறந்தபடி கிடக்கிறது என்ற பயம், குடியுரிமை எடுத்த பிறகும் என்னை விடவில்லை. ஆகவே விளையாட்டுச் சாமான் கடையில் வேலை என்று சொல்லி வைத்தேன்.

அதில் ஒரு தொல்லை வந்தது. கோயிலில் கண்ட ஒருவர் தோளில் கைபோட்டார்.

"அண்ணை, மகளுக்கு உங்கட கடையிலை ஒரு ஓடுற சப்பாத்து எடுத்துத் தாங்கோவன். கழிவு கிடைக்கும்தானே?"

"ஓம், ஓம், பாப்பம்" என்றேன். பிறகு நகரத்துக்குப் போய் உண்மையான விளையாட்டுக் கடை ஒன்றில் முழு விலைக்கு வாங்கி, கழிவு விலை என்று கொடுத்தேன். அவர் இன்னும் இரண்டு பேரிடம் சொன்னார். என் மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். "நீங்கள் பொய்க்கு மாதாமாதம் வாடகை கட்டுறியள்" என்றாள்.

இப்படியிருக்கையில்தான் நெதர்லாந்திலிருந்து அந்தக் கோரிக்கை வந்தது. காற்றுத் துவக்கின் பின்பக்கத்தில் பொருத்தும் ஒரு சின்ன வட்டு. ஒரு ஈரோ நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது, நடுவில் துளை. அந்தத் துளைக்குள்ளால் பார்த்துத்தான் குறி வைப்பார்கள். செய்த நிறுவனம் அந்த வகையை நிறுத்திவிட்டது. எங்கள் இழுப்பறையில் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. கேட்டவரின் பெயரைப் பார்த்தேன். அச்சொட்டான யாழ்ப்பாணப் பெயர்.

என் கை நின்றுவிட்டது. பொதிக்குள் வைக்கும் சீட்டில் என் பெயரும் இருக்கும். வீட்டில் தாய் தகப்பன் பார்ப்பார்கள். எங்கள் கோயிலின் அடுத்த தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பாவிலுள்ள தமிழ்ச்சனம் பாதி வரும். அங்கே என் கதை முடிந்துவிடும். அந்தக் கோரிக்கையை ரத்துச் செய்தேன்.

மறுநாள் தொலைபேசி அடித்தது. இளம் பெண் குரல், நெதர்லாந்து வாடையடிக்கும் ஜெர்மன். ஏன் ரத்து என்று கேட்டாள்.

"வெளிநாட்டுக்கு ஆயுதத் துணைச்சாமான் அனுப்பச் சட்டம் இடம் தராது" என்றேன், ஜெர்மனில்.

பிறகு தமிழில் கேட்டாள்: "ஐயா, நீங்கள் தமிழோ?"

முப்பது வருடமாக ஜெர்மன் பேசியும் என் நாக்கு என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டது. "விளங்கவில்லை" என்றேன், ஜெர்மனில்.

"ஐயா, அது துவக்கில்லை, ஒரு ஓட்டை. ஒரு ஓட்டையை அனுப்ப ஏலாதோ? என்ரையை உடைச்சுப் போட்டன். இன்னும் மூண்டு கிழமையிலை தெரிவுப் போட்டி. எனக்கு இருபது வயசு, இளையோர் பிரிவிலை இதுதான் கடைசி வருசம்."

"மன்னிக்கவும், இந்த மொழி எனக்குத் தெரியாது."

அவள் வாயை அப்பால் திருப்பிச் சொன்னது தெளிவாகக் கேட்டது: "அம்மா, இந்தாள் தமிழ்தான். சும்மா நடிக்குது."

நான் வைத்துவிட்டேன்.

அவள் கடைக்குக் கடிதம் எழுதுவாள் என்று பயந்தேன். அன்று மத்தியானமே முதலாளியம்மாவிடம் போனேன். தகப்பனிடமிருந்து கடையை எடுத்து நடத்தும் உயரமான மனுஷி. சட்டப் பத்திரம் எதையும் வாசிக்கமாட்டார், நான் வாசித்துச் சொல்வதை நம்புவார். வெளிநாட்டுப் பொதிகளால் சுங்கத்தில் வில்லங்கம் வரலாம், துணைச்சாமான்களை உள்நாட்டுக்கு மட்டும் அனுப்புவது உத்தமம் என்றேன். "நீங்கள் படித்தவர், உங்களுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கோப்பியை எடுத்துக்கொண்டு போனார். அந்தச் சொல் இப்போதும் குத்துகிறது.

விதியை இணையத்தில் நானே எழுதினேன். மறுப்புக் கடிதமும் நானே எழுதினேன். அதன் நடை எனக்கு மிகவும் பிடித்திருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். டென்மார்க்காரருக்குக் காதடைப்பான் மறுத்தேன். பெல்ஜியக்காரருக்குத் தோல் வார் மறுத்தேன். ஆஸ்திரிய வேட்டைக்காரர் ஒருவர், "இது தொப்பியில் குத்தும் இறகு, ஐயா!" என்று எழுதினார். இறகையும் மறுத்தேன்.

இரண்டு வருடம் கழிந்து, ஒரு தேர்த் திருவிழாவில், தேத்தண்ணிக் கொட்டிலுக்குப் பக்கத்தில் வரிசையில் நின்றோம். முன்னால் நின்ற பெண்மணி என் மனைவியோடு கதை தொடங்கினார். நெதர்லாந்தில் தபாலகத்தில் வேலை செய்கிறவராம்.

"என்ரை மகள் துவக்குச் சுடுறவள், அக்கா" என்றார், மகள் வீணை வாசிக்கிறாள் என்பதுபோல. கைபேசியில் படங்களையும் காட்டினார். "இளையோர் அணிக்குப் போயிருப்பாள். ஒரு சின்ன வட்டாலை போச்சு. இரவல் வட்டைப் போட்டுச் சுட்டு ஒரு புள்ளியாலை தோத்தவள். இஞ்சை ஒரு கடையிலை இருந்ததாம், தரேல்லை. அந்தக் கடையிலை ஒரு தமிழ்க் கிழடு இருந்து, தனக்குத் தமிழே தெரியாதெண்டதாம்!"

வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். "என்ன விசரன்!" என்றார் ஒருவர். என் மனைவி சிரிக்கவில்லை. மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பெண்மணியின் இலக்கத்தைக் கேட்டு வாங்கித் தன் கைபேசியில் பதிந்தாள்.

கார் நிறுத்துமிடம்வரை என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். பிறகு, "இஞ்சேருங்கோ, அந்தக் கிழடு நீங்கள்தானே?" என்றாள்.

"ஓம்."

"அந்த மனுசி ஊருக்கெல்லாம் பெருமையாச் சொல்லுது. நீங்கள் எதுக்குப் பயந்தனீங்கள்?"

நான் யாரின் வாய்க்குப் பயந்தேனோ, அந்த வாய்கள் அன்று கடலை வடை தின்றபடி, துவக்குச் சுடும் பிள்ளையின் படத்தைப் பார்த்து "கெட்டிக்காரி" என்றுகொண்டிருந்தன.

திங்கட்கிழமை காலை முதலாளியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோப்பியைக் கீழே வைத்தார்.

"அப்படியென்றால், கோயிலில் உங்களைப் பற்றிக் கதைப்பார்கள் என்பதற்காக நான் இரண்டு வருடமாக ஆஸ்திரியாவுக்கு இறகு விற்கவில்லை?"

"ஆம்."

"என் கடையைப் பற்றி நீங்கள் வெட்கப்பட்டீர்களா?"

அதற்கும் ஆம் என்றேன். அதுதான் அவருக்கு நொந்தது என்று முகத்தில் தெரிந்தது. வேலையிலிருந்து நிறுத்தவில்லை. விதியை அன்றே அழிக்கச் சொன்னார். மறுத்த ஒவ்வொருவருக்கும் கைப்பட மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார், "சுங்கம் என்ற சொல் வராமல்." எழுதினேன். ஆஸ்திரியரின் பதில் மட்டும் நினைவிருக்கிறது: "மன்னிப்பை ஏற்றுக்கொள்கிறேன். மூன்றாம் வரியில் ஒரு பிழை இருக்கிறது." அதை முதலாளியம்மா சுவரில் ஒட்டினார்.

வட்டு இன்னும் இழுப்பறையிலேயே கிடந்தது. அதை நான் வாங்கிக்கொண்டேன். மனைவி அந்தத் தாயிடம், மகள் சுடுவதை நான் பார்க்க ஆசைப்படுவதாக மட்டும் சொல்லித் தொலைபேசியில் நாள் பேசி வைத்தாள். ஒரு சனிக்கிழமை ரயிலேறி எல்லை கடந்து போனேன். அந்தப் பெண் தன் கழகத்துக்கு வரச் சொல்லியிருந்தாள். தாயும் கூட நின்றார். நான் வணக்கம் சொன்னதுமே பெண் தலையைச் சரித்தாள்.

"இந்தக் குரல் எனக்குத் தெரியும். தமிழ் தெரியாத ஐயா!"

"ஓம் பிள்ளை. நான்தான்."

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். சட்டம் தடுக்கவில்லை என்றும், சனத்தின் கதைக்குப் பயந்தேன் என்றும், அந்த ஒரு புள்ளி என்னால் போனது என்றும் சொன்னேன். தாய் வாயில் கைவைத்தபடி நின்றார். நான் பெட்டியை நீட்டினேன்.

அவள் திறந்து பார்த்தாள். "இது பழைய துவக்குக்கு, ஐயா. நான் இப்ப வேறை வச்சிருக்கிறன். இது அதுக்குப் பொருந்தாது."

"தெரியாமல் கொண்டுவந்திட்டன்."

"அந்த வருசம் திரும்பி வராது. அதுக்காகச் சும்மா மன்னிச்சன் எண்டு சொல்ல எனக்கு ஏலாது." கொஞ்ச நேரம் வட்டைக் கைக்குள் உருட்டினாள். "ஆனா வந்தீங்கள். தேத்தண்ணி குடியுங்கோ."

தாய் கேட்க என் படிப்பையும் சொல்லியபடி குடித்தேன். பிறகு அவள் கழகத்தின் பழைய காற்றுத் துவக்கு ஒன்றை எடுத்து, வட்டைப் பூட்டி என்னிடம் நீட்டினாள். பத்தொன்பது வருடம் துவக்குக் கடையில் இருந்தவன், அன்றுதான் முதன்முதலாகத் தொட்டேன். ஐந்து தரம் சுட்டேன். நான்கு, இலக்கு அட்டையின் வெள்ளை ஓரத்தில். ஐந்தாவது அட்டையிலேயே இல்லை.

"பௌதிகம் படிச்ச ஆளாம்" என்றார் தாய். மகள் முதல்முறையாகச் சிரித்தாள்.

அடுத்த தேரில் அந்தத் தாய் என்னைக் கண்டதும் கூட்டத்துக்குள் கையைப் பிடித்து இழுத்து, "இவர்தான் அந்தத் துவக்குக் கடை அண்ணை!" என்று ஒவ்வொருவருக்கும் அறிமுகம் செய்தார். யாருக்கும் அதிர்ச்சி இல்லை. ஒருவர் குளிருக்கு நல்ல வேட்டைச் சப்பாத்து கழிவில் கிடைக்குமா என்றார். அந்த முறை உண்மையாகவே கிடைத்தது.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். போன மாரியில் நெதர்லாந்திலிருந்து ஒரு கடித உறை வந்தது. உள்ளே ஓர் இலக்கு அட்டை. நடுவில் ஐந்து துளைகள் ஒன்றாய்ச் சேர்ந்து ஒரே துளையாக இருந்தன. கோணல்மாணலான தமிழ் எழுத்தில் இப்படி எழுதியிருந்தாள்: "கழகத்துப் பழைய துவக்கு. உங்கட வட்டு. நான் சுட்டது." மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. நானும் கேட்கவில்லை.

மனைவி அதைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள் என்ன இது என்று கேட்பார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் ஒரு துவக்குக் கடையிலை வேலை செய்தனான்" என்று தொடங்குவேன். குசினியிலிருந்து மனைவியின் குரல் வரும்: "இஞ்சேருங்கோ, சுருக்கமாச் சொல்லுங்கோ. சோறு ஆறப்போகுது."