மேலே போகிற இடம்

குழலக்காவுக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. நாத்தனார் சொல்வதுபோல், காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போவாள். துணியோடு இறங்கும்போதே பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டுகிறது என்று சொல்லப் போவாள். பால் அதன் வழியைப் பார்த்துக்கொண்டு பொங்கி வழிந்திருக்கும். புல்லாங்குழல் வாசிக்கும்போது மட்டும்தான் உட்காருவாள், அதுவும் முழுசாக இல்லை. மேல் ஸ்தாயிக்குப் போனால் புருவம் இரண்டும் நெற்றிக்கு ஏறிவிடும், கால் கட்டைவிரல் உள்ளே மடங்கிக்கொள்ளும். மேடையில் கட்டைவிரலைச் சேலை மறைத்துவிடுவதால், அந்த ரகசியம் வீட்டோடு நின்றது.

வீடு என்றால் அவளைத் தவிர இரண்டே பேர். ஜெனரேட்டர் மெக்கானிக்கான கணவர். அவருடைய தங்கை, அதாவது ஹால் ஜன்னலோரம் தையல் மெஷின் போட்டுக்கொண்டு, துணியோடு ஊர்க்கதையையும் சேர்த்துத் தைக்கிற நாத்தனார். கணவருக்கு ராகம், தாளம் எதுவும் தெரியாது. தெரிந்த மாதிரி அவர் காட்டிக்கொண்டதும் இல்லை. ஆனால் அக்கா குழலை எடுத்துவிட்டால் போதும், கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மர ஸ்டூலை அவளுக்கு நேர் எதிரே இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிடுவார். அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் ஆட்டம். ஊர் இன்ஜினையெல்லாம் சரிசெய்கிற மனுஷன் வீட்டு ஸ்டூலுக்கு ஓர் ஆணி அடித்ததில்லை.

"என்ன அண்ணா, அண்ணி மூஞ்சில சினிமாவா ஓடுது?" என்பாள் நாத்தனார்.

"ஓடுனா உனக்கென்ன? நீ பாட்டுக்குத் தை" என்பார் அவர், தலையைத் திருப்பாமலே.

முதல் இசைத்தட்டை அக்கா சின்னக் குழலில் பதிவு செய்தாள். முக்கால்வாசி மேல் ஸ்தாயிதான். அதிகாலைப் பறவைகள்தான் தூண்டுதல் என்று பின்அட்டையில் போட்டிருந்தார்கள். அக்கா பறவைகள் எழும் நேரத்தில் ஒருநாளும் எழுந்ததில்லை என்பது வேறு விஷயம். உண்மையான தூண்டுதல் பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கிரீஸ் கறைச் சட்டையோடு லேசாக வாயைப் பிளந்தபடி நின்றிருந்தது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் வாசித்தாள். முடிந்ததும் சவுண்டுக்காரர், "மூச்சு வாங்கற சத்தத்தையெல்லாம் வெட்டிட்டேங்க்கா, கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார். அவளுக்கு என்னவோபோல்தான் இருந்தது. ஆனாலும் அவர் தொழில் அவருக்குத் தெரியும் என்று விட்டுவிட்டாள்.

விஷயம் வெளியே வந்தது குக்கரால்.

"மூணு விசில் வந்ததும் அணைச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். குக்கர் கட்டடத்துக்கே கேட்கும்படி கத்தியது. அவர் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து மிக்ஸியைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். சோறு கரி. "கவனம் எங்கங்க போச்சு?" என்று கத்தினாள். "ஏதோ யோசனை" என்றார். இன்னொரு நாளும் அதே யோசனை வந்தது. அடுத்த தடவை அவள் மாடிக்குப் போகவில்லை, கதவோரம் நின்று பார்த்தாள். விசில் வீறிட்டது. அவர் திருகாணியைத் திருகிக்கொண்டே இருந்தார். தெருவில் லாரி ஒன்று உறுமிக்கொண்டு போனபோது மட்டும் சட்டென்று தலையைத் தூக்கினார். அக்கா தானே போய் அடுப்பை அணைத்தாள்.

அன்று சாயங்காலம் வழக்கம்போல் எதிரே உட்கார வைத்து வாசித்தாள். மேல் ஸ்தாயியில் வேண்டுமென்றே கன்னாபின்னாவென்று தப்புத்தப்பாக ஊதினாள். நாத்தனாரின் மெஷின் நின்றுவிட்டது. அவர் மட்டும் என்றும்போலத் தலையை ஆட்டி, "பிரமாதம்" என்றார். அக்கா எழுந்து சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

நேராகக் கேட்டுவிடலாம்தான். ஆனால் அவருடைய பிழைப்பே காதில் இருந்தது. ஸ்குரூ டிரைவரின் நுனியை ஓடுகிற இன்ஜின்மேல் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு, எந்த சிலிண்டரில் கோளாறு என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவருக்குக் காது மந்தம் என்று வெளியே தெரிந்தால் யார் இன்ஜினைத் தொட விடுவார்கள்? அவள் தனியாகக் காது டாக்டரிடம் போய் விசாரித்தாள். இரைச்சலில் வேலை பார்ப்பவர்களுக்குக் கீச்சென்ற ஒலிதான் முதலில் போகும், பிறகு மெல்ல மெல்லக் கீழேயும் இறங்கும், போனது திரும்பாது, ஆளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார் டாக்டர்.

"ஒரு தடவ காதக் காட்டிட்டு வரலாமா?" என்று வீட்டில் மெதுவாக ஆரம்பித்தாள்.

"காட்டறதுக்கு நான் என்ன கம்மலா போட்டிருக்கேன்?" என்றார் அவர். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அதற்கப்புறம் மூன்று பேரும் நடுக்கூடத்தில் கிடக்கிற மூட்டையைச் சுற்றிப் போவதுபோல் அந்த விஷயத்தைச் சுற்றியே நடந்தார்கள்.

மேலே கேட்கவில்லை என்றால் கீழே போக வேண்டியதுதானே. அக்கா சின்னக் குழலை உறையில் போட்டுக் கட்டினாள். இரண்டாவது இசைத்தட்டு நடுத்தரக் குழலில் வந்தது. 'இவரிடம் ஒரு நிதானம் கூடியிருக்கிறது' என்று ஒரு பத்திரிகையில் எழுதினார்கள். நிதானமாவது மண்ணாங்கட்டியாவது. அது வெளிவருவதற்குள் அவருக்கு வாசல் மணியும் கேட்காமல் போயிருந்தது. அவர் ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தார். இவள் குழலும் கையுமாகப் பின்னாலேயே ஓடினாள்.

மூன்றாவதற்கு, இருப்பதிலேயே நீளமான குழல் வேண்டும் என்று குழல் செய்கிறவரிடம் கேட்டாள்.

"துளை எல்லாம் தள்ளித் தள்ளி இருக்கும்மா. ஆம்பளைக் கைக்கே எட்டாது" என்றார் அவர்.

"நீங்க செய்ங்க. எட்டறது என் கவலை."

கவலைதான் எட்டியது, விரல் எட்டவில்லை. சுண்டுவிரலுக்குப் பக்கத்து விரல் வீங்கியது. பெரிய குழல் மூச்சை லிட்டர் கணக்கில் குடித்தது. பாதி வரியில் நெஞ்சு காலியாகிவிடும். விரலில் பிளாஸ்திரியைச் சுற்றிக்கொண்டு காலையும் மாலையும் ஊதினாள். பஸ்ஸில் நின்றபடி கைப்பிடிக் கம்பியில் விரலை விரித்துப் பழகினாள், கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்தார். மெஷின் சத்தம் கேட்டால் எரிச்சல், கேட்காவிட்டாலும் எரிச்சல். இது முடிவதற்குள் கடைசிப் படியும் போய்விட்டால் என்ன செய்வது? ஒரே ஒரு பதிவு, ஒரு சுரம் விடாமல் அவர் முழுசாகக் கேட்கவேண்டும். அதற்கு மேல் அவளுக்கு எதுவும் வேண்டாம்.

"இந்தத் தடவை நீங்க ஸ்டூடியோவுக்கு வரவேண்டாம். முடிச்சு எடுத்துட்டு வர்றேன், மொத்தமா கேளுங்க" என்றாள். அவர் முகம் சுருங்கியது. சரி என்று மட்டும் சொன்னார்.

வானொலியில் ஒரு பெண், "இந்தப் பதிவுக்கு எது உந்துதல்?" என்று கேட்டாள். "ஆழத்தத் தேடிப் போறேன்" என்று சொல்லிவிட்டு அக்கா வெட்கத்தில் மேஜையைப் பார்த்தாள். பதிவு அறையிலோ சவுண்டுக்காரர் பாடு திண்டாட்டம். "நல்லாத்தாங்க்கா இருந்துச்சு" என்பார். "இல்ல, இன்னொரு தடவ" என்பாள். அவர் வெட்டி வெட்டி ஒட்டினார், மூச்சைத் துடைத்து எடுத்தார். ஒருவழியாக முடிந்தது. ஆரம்பம் முதல் கடைசிவரை கீழ் ஸ்தாயி. மேலே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டில் ஸ்பீக்கரை வைத்து, அவரை எதிரே உட்கார வைத்தாள். நாத்தனார் மெஷினை நிறுத்தினாள். அக்காவால் நிற்க முடியவில்லை. சமையலறைக்குப் போனாள், வந்தாள், நன்றாக இருந்த திரைச்சீலையை இழுத்து நேராக்கினாள், மறுபடி போனாள். ஒவ்வொரு தடவையும் ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தாள். கேட்கிறது, சந்தேகமே இல்லை, அவர் விரல் முழங்காலில் தாளம் போடுகிறது. ஆனால் கண் எங்கெங்கோ அலைகிறது. ஸ்பீக்கரைப் பார்க்கிறார், சுவரைப் பார்க்கிறார், தொலைந்த பொருளைத் தேடுகிறவர்போல் கதவைப் பார்க்கிறார்.

முடிந்தது.

"கேட்டுச்சா?" என்றாள்.

"எல்லாம் கேட்டுது. நல்லாருக்கு." கொஞ்சம் தயங்கினார். "ஆனா அந்த மேல போற இடம் எங்க?"

"எந்த இடம்?"

"அதாம்மா, புருவத்தத் தூக்கிட்டு, கால் கட்டவிரல மடக்கிட்டுப் போவியே, அந்த இடம்."

அக்கா அவர் எதிரே வந்து நின்றாள். "அது உங்களுக்குக் கேக்காதுன்னுதாங்க…"

அந்த வீட்டில் முதல்முறையாக அது சொல்லப்பட்டது. நாத்தனார் கையிலிருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேக்காதுதான்" என்றார் அவர். "அது போயி எவ்வளவோ காலமாச்சு. அதனாலதானே எதிர்ல உக்காந்து பாக்கறேன். புருவம் ஏறும்போது அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். உள்ள கேட்டுக்குவேன்."

"அப்ப அன்னிக்குத் தப்பாத் தப்பா வாசிச்சேனே? பிரமாதம்னீங்களே!"

"அன்னிக்குப் புருவம் அசையவே இல்ல. உர்ருன்னு வேற இருந்தே. சரி, யார்மேல கோவமோ, நமக்கு எதுக்கு வம்புன்னு தலைய ஆட்டினேன்."

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "விரல் ஒடிஞ்சு போச்சு எனக்கு! உக்காந்து ஒரு வாய் சோறு தின்னல! இத முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னங்க?"

"பயந்தேன்" என்றார் அவர். "காதுல விழலன்னு தெரிஞ்சா, அந்த இடத்த வாசிக்கறத நீ நிறுத்திடுவியோன்னு பயந்தேன்." பிறகு ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "நிறுத்திட்டியே."

அக்கா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வீங்கிய விரலை அவர் எடுத்துப் பிளாஸ்திரியைப் பிரித்துப் பார்த்தார். நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ரெண்டு பேருக்கும் வாய் எதுக்கு இருக்குன்னே தெரியல" என்றாள்.

மறுநாள் அக்கா சவுண்டுக்காரரைக் கூப்பிட்டு, இன்னொரு உருப்படி சேர்க்கவேண்டும், சின்னக் குழலில், என்றாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். நேரில் போனபோது இரண்டாவது கையையும் வைத்தார், ஏனென்றால் ஜெனரேட்டர்காரர் பின்னாலேயே வந்தார், கக்கத்தில் மர ஸ்டூலோடு.

"உள்ள ஆள் உக்காந்தா சத்தம் பதியுங்க்கா."

"பதியட்டும்" என்றாள் அக்கா. ஒரே தடவைதான் வாசித்தாள். இன்னொரு தடவை என்று கேட்கவில்லை.

முடிந்ததும் சவுண்டுக்காரர் ஹெட்போனைக் கழற்றினார். "வாசிப்பு பிரமாதம். ஆனா மேல போற இடத்துல எல்லாம் ஸ்டூல் கிரீச்சுங்குது. சார் முன்னாடி சாயறாரு போல. சுரம் வந்தப்புறம் சாஞ்சாக்கூட சமாளிச்சிடலாம். இவரு சுரம் வர்றதுக்கு முன்னாடியே சாயறாரு. பரவால்ல, உங்க மூச்சோட சேத்து அதையும் வெட்டிடறேன்."

அக்கா ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டாள். அவளுடைய மூச்சு, உடனே ஒரு கிரீச், அப்புறம்தான் அந்த உச்ச சுரம். மறுபடி ஓட்டச் சொன்னாள். மூச்சு, புருவம் ஏறுகிற நொடியில் கிரீச், அப்புறம் சுரம்.

"மூச்சும் இருக்கட்டும், ஸ்டூலும் இருக்கட்டும்" என்றாள். "கை வெச்சீங்கன்னா தெரியும் சேதி."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் ஸ்டூலைக் கவிழ்த்துப் போட்டு, ஆடுகிற காலைக் கையால் அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.