அவள் வளர்த்த உள்தோல்

என் மனைவிக்கு ஆய்வகத்தில் வேலை. என்ன வேலை என்று யாராவது கேட்டால், "சாப்பாடு ஊட்டுறது" என்பாள். யாருக்கு என்றால் பேச்சை மாற்றிவிடுவாள். நான் சொல்கிறேன்: மனிதர்களின் மூச்சுக்குழாயிலிருந்து சுரண்டி எடுத்த உள்தோலுக்கு. அதைச் சின்னக் கிண்ணங்களில் மெல்லிய சவ்வின்மேல் பரப்பி, மேலே காற்றும் கீழே சத்துத் திரவமும் கொடுத்து, உடம்புச் சூட்டில் ஒரு பெட்டிக்குள் வளர்க்கிறார்கள். கிண்ணத்தில் பெயர் இருக்காது. ஆனால் அதில் ஒன்று நான் என்பது அவளுக்குத் தெரியும்.

பேக்கரியில் மாவு பிசைந்து பிசைந்து எனக்கு இரைப்பு வந்தது. மாவுத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்றார் டாக்டர். வேலையை விட்டேன். அவள் ஆய்வகத்தில் ஆய்வுக்கு வேண்டும் என்று கேட்டபோது, தொண்டை வழியாகக் குழாய் விட்டு, குட்டி பிரஷால் உள்தோலைச் சுரண்டி எடுக்கவும் சம்மதித்தேன். இரைப்பு மட்டும் விட்டபாடில்லை.

அவளுக்குச் சந்தேகம் வந்தால் லேசில் போகாது. நான் திருட்டுத்தனமாகப் பேக்கரிக்குப் போய் வருகிறேன் என்று முடிவு கட்டிவிட்டாள். வீட்டுக்குள் நுழைந்ததும் என் காலரை முகர்ந்தாள், சட்டைக் கைமடிப்பைத் தட்டிப் பார்த்தாள்.

"சத்தியமா போகலைடி."

"அப்ப ஏன் இழுக்குது? மாவு தானா நடந்து வந்து உங்க நெஞ்சுல ஏறுதா?"

நான் காலரை உதறிக் காட்டினேன். "இன்னொரு தடவை பொய் சொன்னா அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள். அதோடு பேச்சு நின்றது. விடுமுறை நாளிலும் காலையிலேயே கிளம்பிவிடுவாள். எங்கே என்று கேட்க ரோஷம் விடவில்லை. அக்கா வீட்டில் இடம் பார்க்கிறாள், ஒருநாள் மூட்டை கட்டிவிடுவாள் என்று உள்ளுக்குள் நடுங்கினேன்.

ஒரு விடுமுறை மதியம் அவளே போன் செய்தாள். "கொஞ்சம் இங்க வாங்க."

ஆய்வகத்தில் ஆள் அரவமில்லை. பெட்டிகளின் உறுமல் மட்டும். என்னை நுண்ணோக்கி முன்னால் உட்காரவைத்தாள். குனிந்து பார்த்தேன். கண்ணுக்கெட்டிய வரை பொடி மயிர்கள் அசைந்துகொண்டிருந்தன. அவற்றின் மேல் சளி மெல்லச் சுழன்றது. இருமத் தொண்டையில்லை, துப்ப வாயில்லை. ஆனாலும் அது எதையோ வெளியே தள்ளப் பார்த்தது.

"யாரு?" என்றேன், தெரிந்துகொண்டே.

"நீங்கதான்." என்றாள். "இரைப்பு இல்லாதவங்க கிண்ணமெல்லாம் அமைதியா இருக்கு. உங்களது மட்டும் ஆபத்து ஆபத்துன்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கு. கீழ இருக்கிற தண்ணியில அது விடுற ரசாயனத்த சோதிச்சா தெரியுது. உடம்புக்குள்ள இருந்தா ரத்தத்துல இருக்கிற காவல் செல்லெல்லாம் அதக் கேட்டு ஓடி வந்து, குழாயை வீங்க வெச்சிடும். இங்க வர்றதுக்கு யாருமே இல்ல. ஆனாலும் நிறுத்தல."

"மாவு ஏதாவது போட்டியா?"

"ஒரு தூசிகூடப் படலைங்க." சொல்லிவிட்டு அழுதாள். "நீங்க பொய் சொல்லல."

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் மறுபடி குனிந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. என்னில் ஒரு பங்கு, நான் இல்லாத இடத்தில், வராத எதிரிக்குப் பயந்து கத்திக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து எனக்கும் இழுக்க ஆரம்பித்தது.

"லீவு நாள்ல இதை யாரு பாத்துக்கறா?"

அவள் கிண்ணத்தை எடுத்து, பழைய திரவத்தை உறிஞ்சிவிட்டுப் புதியதை விட்டாள். வீட்டில் என் தட்டை டங்கென்று வைத்த அதே கை, இங்கே ஒரு சொட்டுகூடச் சிதறவிடவில்லை.

"முறைப்படி வேற ஆள்தான் வரணும். நான் கேட்டு மாத்திக்கிட்டேன்" என்றாள். "உங்கள இன்னொருத்தர் கையில விட மனசு வரல."